உடம்பா, மனசா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 38. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. விடிகாலை 4 மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு கம்பெனி பஸ் பிடிக்கிறேன். சர்க்கரை, பிரஷர், தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு. ஒன்றும் இல்லையாம். ஆனால் எப்போதும் அசதி, யாரிடமும் பேசவே பிடிக்கவில்லை. வீட்டில் 'உனக்கு என்ன குறை?' என்கிறார்கள். கோளாறு உடம்பிலா, மனசிலா?
- வாசகி, பேர்ணாம்பட்டு

பதில்: தங்கச்சி, உன் அசதி நிஜம். அதை முதலில் நீ நம்பு. உடம்பா, மனசா என்று இப்போதே பிரிக்கவும் வேண்டாம், இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

நீ எழுதிய பட்டியலில் ஹீமோகுளோபின் இல்லை. வேலூர் மாவட்டக் கிராமங்களில் செவிலியராகச் சுற்றிய காலம் முழுக்க, 'சோம்பேறி' என்று பெயர் வாங்கிய எத்தனையோ பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 12-க்குக் கீழே இருந்தால் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை தருவார். அதை டீயோடு விழுங்காதே, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்.

அடுத்தது, கேட்க யாரும் துணியாத விஷயம். வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கிறாயா? பாத்ரூம் போக இடைவெளி கிடைக்காது என்று காலையிலிருந்து வாயை நனைக்காத பெண்கள் என்னிடம் நிறைய வந்திருக்கிறார்கள். நம்ம ஊர் மே மாத வெயிலில் அப்படி இருந்தால் தலைவலி, மயக்கம், நீர்க்கடுப்பு எல்லாம் வரிசையாக வரும். வரிசையில் கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து சூப்பர்வைசரிடம் இடைவேளை கேளுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் உரிமை.

தூக்கமும் அப்படித்தான். 4 மணிக்கு எழுகிறவள் 9 மணிக்குப் படுத்தால்தான் 7 மணி நேரம் கிடைக்கும். அப்போது ராத்திரிப் பாத்திரம் யார் தேய்ப்பது? 'என்ன குறை' என்று கேட்கிறவர்கள்தான் தேய்க்க வேண்டும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

மனசுக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. போன இரண்டு வாரத்தை நினைத்துக்கொள். மனம் உற்சாகமாக இருந்ததா? பதற்றம் இல்லாமல் அமைதியாக இருந்தாயா? சுறுசுறுப்பு இருந்ததா? எழும்போது தூங்கி எழுந்த தெளிவு இருந்ததா? நாளில் பிடித்தமான விஷயம் ஏதாவது இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 'எப்போதும்' என்றால் 5, 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, நடுவில் எப்படியோ அப்படிப் போடு. கூட்டினால் 25-க்கு 13-க்கும் குறைவாக வந்தால் மனநல மருத்துவரிடம் பேசு. அது பைத்தியம் என்று அர்த்தம் இல்லை, கூடுதலாக ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய். அரசின் 'டெலி மானஸ்' சேவை அது. இலவசம், தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் மறுநாளுக்குத் தள்ளாதே, அப்போதே கூப்பிடு.

கேள்வி: வயது 67. வேலூர் கோட்டைக்குள் தினமும் நடக்கிறேன். மகன் வாங்கித் தந்த வாட்ச் 10,000 அடி கேட்கிறது, 6,000 தாண்ட முடியவில்லை. குறையா?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: குறையே இல்லை ஐயா. அந்த 10,000 என்பது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளக்கும் கருவியோடு பரவிய எண், மருத்துவர் எழுதித் தந்த அளவு இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் போதும். உங்கள் வயதில் அடியைக் கூட்டுவதைவிட விழாமல் இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதனால் வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும், ஒற்றைக் காலில் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் நிற்பது மட்டும் சுவரோரமாக, கைக்குப் பிடிமானம் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.