ஜெர்மனியில் முதல் மாதம்: கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: லைப்சிக் நகரில் அக்டோபரில் முதுகலைப் படிப்பில் சேரவிருக்கிறேன். இணையத்தில் பார்த்த ஒரு சிறிய வீட்டுக்கு வாடகை 420 யூரோ; வெப்பமூட்டல், தண்ணீர் முதலியவற்றுக்குத் தனியாக 90 யூரோ. மூன்று மாத முன்பணமாக 1,530 யூரோவை இந்த வாரமே அனுப்பினால்தான் வீட்டை எனக்காக ஒதுக்கிவைக்க முடியும் என்கிறார் உரிமையாளர். தற்போது அங்கே குடியிருப்பவர், சமையலறைச் சாமான்களை விட்டுச் செல்வதற்கு 1,200 யூரோ கேட்கிறார். இரண்டையும் கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் கொடுக்க வேண்டாம்.

ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 551-ஆம் பிரிவு வீட்டு முன்பணத்துக்கு உச்சவரம்பு விதித்திருக்கிறது. மூன்று மாத வாடகைதான் அந்த வரம்பு. அங்கே வாடகை என்று கணக்கிடப்படுவது 'கால்ட்மீட்டே' எனப்படும் அடிப்படை வாடகை மட்டுமே, வெப்பமூட்டலுக்கும் தண்ணீருக்கும் கொடுக்கும் தொகை அதில் சேராது. உங்கள் உரிமையாளர் 510-ஐ மூன்றால் பெருக்கியிருக்கிறார். பெருக்க வேண்டியது 420-ஐ. ஆகவே 1,260 யூரோவுக்கு மேல் அவர் கேட்க முடியாது. அந்தத் தொகையையும் மூன்று சமமான மாதத் தவணைகளாகச் செலுத்த உங்களுக்கு உரிமை உண்டு; முதல் தவணையைக் குடித்தனம் தொடங்கும்போது கொடுத்தால் போதும். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தாலும், உங்களுக்குப் பாதகமான அந்த வாசகம் செல்லாது. கொடுத்த பணத்தை உரிமையாளர் தம் சொந்தப் பணத்துடன் கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும், அதற்கு வட்டியும் சேர வேண்டும். மாணவர் விடுதிகளுக்கும் இளைஞர் விடுதிகளுக்கும் மட்டும் இந்த வட்டிக் கடமையிலிருந்து சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் வீட்டுச் சந்தை உரிமையாளரின் பக்கம்தான் இருக்கிறது. முதல் மின்னஞ்சலிலேயே பிரிவு எண்ணையும் தவணை உரிமையையும் எடுத்து நீட்டினால், பதில் வராமலே வீடு வேறொருவருக்குப் போய்விடக்கூடும். கையில் பணம் இருந்தால் 1,260 யூரோவை ஒரே தவணையில் கொடுப்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. அதை எப்போது, எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது: வீட்டை நீங்களோ உங்களுக்காக வேறொருவரோ நேரில் பார்த்த பிறகு, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு, ஒப்பந்தத்தில் உள்ள பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்குக்கு. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று எழுதுபவர் அநேகமாக வீடே இல்லாதவர். சந்தை விலையைவிடக் குறைந்த வாடகை, மிக அழகான படங்கள், கடவுச்சீட்டின் நகலை உடனே அனுப்பச் சொல்லும் அவசரம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஒதுக்கிவைப்பதற்கென்று முன்கூட்டியே பணம் கேட்கும் உங்கள் உரிமையாளர் அத்தகையவரா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த வாரத்துக்குள் என்று கெடு வைப்பது எனக்கு நல்ல அடையாளமாகப் படவில்லை.

சென்று இறங்கியதும் முதல் சில வாரங்களுக்குத் தற்காலிகமாக ஓர் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்தபடி வீடு தேடுவது செலவு அதிகமாகத் தெரிந்தாலும் பாதுகாப்பான வழி. அந்த அறையைப் பிடிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகையைப் பற்றியது அன்று. குடியமர்வுச் சான்று தருவார்களா என்பதுதான். புதிய முகவரிக்குக் குடிபோன இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் 'அன்மெல்டுங்' என்னும் முகவரிப் பதிவைச் செய்ய வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிச் சான்று 2015 நவம்பர் முதல் கட்டாயம். குறுகிய காலத்துக்கு அறை விடுபவர்களில் பலர் இந்தச் சான்றைத் தர மறுப்பார்கள். பதிவு இல்லாவிட்டால் வரி அடையாள எண் வராது, குடியிருப்பு அனுமதிக்கான வேலைகளும் தடைபடும்.

பதிவு முடிந்த அன்றே அஞ்சல் பெட்டியில் உங்கள் குடும்பப் பெயரை ஒட்டிவிடுங்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் கடிதம் வீட்டு எண்ணைப் பார்த்துப் போடப்படுவதில்லை, பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்தே போடப்படுகிறது. பெயர் இல்லையென்றால் வரி எண் தாங்கிய கடிதமும் வங்கி அட்டையும் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். ஒரு துண்டுக் காகிதமும் ஒட்டும் பட்டையும் போதும், ஆனால் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் அப்படியே இருக்க வேண்டும்.

இனி சமையலறை. ஜெர்மனியில் பல வாடகை வீடுகளில் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் மட்டுமே இருக்கும். அலமாரி, அடுப்பு, பாத்திரத் தொட்டி எல்லாம் குடியிருந்தவரின் சொந்தப் பொருள்கள். எனவே அவர் விற்பதும் நீங்கள் வாங்குவதும் அங்கே வழக்கம்தான். ஆனால் வீட்டைக் காலி செய்து கொடுப்பதற்காக மட்டும் பணம் கேட்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. சாமான்களின் மதிப்புக்குச் சற்றும் பொருந்தாத விலை கேட்டால், மிகையான அந்தப் பகுதிக்கு ஒப்பந்தம் செல்லாது. ஒவ்வொரு சாமானும் எந்த ஆண்டு வாங்கப்பட்டது, வாங்கிய ரசீது இருக்கிறதா என்று எழுத்தில் பட்டியல் கேளுங்கள். பட்டியல் தரத் தயங்குபவர் பெரும்பாலும் விலையையும் குறைப்பார். நீங்கள் வெளியேறும்போது அடுத்து வருபவர் அதை வாங்க மறுத்தால், எல்லாவற்றையும் கழற்றி அப்புறப்படுத்த வேண்டியவர் நீங்கள்தான். இரண்டு ஆண்டு மட்டும் தங்கப்போகும் மாணவர் 1,200 யூரோவை அதில் போடுவதைவிட, சமையலறை உள்ள கூட்டு வீட்டில் ஓர் அறை பார்ப்பது மேல்.

சாவி வாங்கும் நாளில் சுவர்க் கீறல்கள், தரைக் கறைகள், மின் அளவியின் எண், சாவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள்; முன்பணம் திரும்பும்போது வரும் தகராறுகளில் பேசப்போவது அந்தத் தாள்தான். மாதம் கொடுக்கும் 90 யூரோ இறுதிக் கட்டணமன்று, ஆண்டுக் கணக்குக்கு உட்பட்ட முன்செலுத்தம். கணக்காண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் உரிமையாளர் கணக்குத் தராவிட்டால், தாமதத்துக்கு அவர் பொறுப்பில்லாத சூழல் தவிர, கூடுதல் பணம் கேட்க முடியாது. ஐயம் வந்தால் பல்கலைக்கழக நகரங்களில் இயங்கும் மாணவர் நல அமைப்பான 'ஷ்டுடீரென்டென்வெர்க்'கை அணுகுங்கள். அவற்றில் பல சட்ட ஆலோசனையும் அளிக்கின்றன.

கேள்வி: நாங்கள் மூன்று மாணவர்கள் ஒரு வீட்டில் இருக்கிறோம். மூவருக்கும் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுத் தனித்தனியே கடிதம் வந்திருக்கிறது. எங்களிடம் தொலைக்காட்சியும் இல்லை, வானொலியும் இல்லை. இது மோசடிக் கடிதமா?

பதில்: மோசடி அன்று. பொது ஒலிபரப்பு நிறுவனங்களுக்கான 'ருண்ட்ஃபுங்க்பைட்ராக்' என்ற இந்தக் கட்டணம் 2013 முதல் வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்கப்படுகிறது. கருவி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 2021 ஆகஸ்டில் இது மாதத்துக்கு 18.36 யூரோவாக உயர்த்தப்பட்டது. உங்கள் முகவரியை அவர்கள் நகராட்சிப் பதிவிலிருந்தே பெறுகிறார்கள், ஆகவே பதில் எழுதாமல் இருந்தால் மறந்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். தாங்களாகவே உங்களைப் பதிந்து, தாமதக் கட்டணமும் சேர்த்துக் கேட்பார்கள்.

ஒரே வீட்டில் இருப்பதால் மூவரில் ஒருவர் செலுத்தினால் போதும். அவருடைய கட்டண எண்ணை மற்ற இருவரும் தங்கள் பதில் படிவத்தில் குறித்து அனுப்பினால் அவர்களுக்கு விலக்கு கிடைத்துவிடும். தலைக்கு மாதம் 6.12 யூரோ என்று உங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். பொது நடைவழியிலிருந்து நேராக நுழையும் விடுதி அறையாக இருந்தால் கணக்கு வேறு, அங்கே ஒவ்வோர் அறையும் தனி வீடாகக் கருதப்படும். பணம் செலுத்துபவர் வீடு மாறும்போது எஞ்சியிருப்பவர்களில் ஒருவர் தம் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும். அந்த இடைவெளியில்தான் பழைய பாக்கிகள் சேர்ந்துவிடுகின்றன.

கேள்வி: நேற்று ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு நேரில் சென்று 24 மாத உறுப்பினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். அடுத்த ஆண்டு பயிற்சி வேலைக்காக வேறு நகரம் போக நேரிடலாம். 14 நாள்களுக்குள் ரத்து செய்யலாம் என்கிறார் நண்பர். கைப்பேசிக்கும் இதே போன்ற ஒப்பந்தம் செய்ய இருந்தேன்.

பதில்: நண்பர் சொல்லும் 14 நாள் உரிமை இணையத்திலோ தொலைபேசியிலோ செய்த ஒப்பந்தங்களுக்கு உரியது; கூடத்துக்குள் நின்று போட்ட கையெழுத்துக்கு அது பொருந்தாது. வேலைக்காக ஊர் மாறுவது மட்டுமே உடற்பயிற்சிக் கூட ஒப்பந்தத்தை முறிக்கப் போதிய காரணமாகாது என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கூடத்திடம் பேசி, உறுப்பினர் உரிமையை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். அது அவர்கள் தரும் சலுகையாக மட்டுமே இருக்கும். பல்கலைக்கழகங்களின் விளையாட்டுப் பிரிவுகளில் பருவத்துக்குப் பருவம் சேரும் வகுப்புகள் மலிவாகக் கிடைக்கும் என்பதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

கைப்பேசியில் இன்னும் தப்பிக்கலாம். தொடக்கத்துக்கு முன்கட்டண (ப்ரீபெய்ட்) சிம் வாங்கிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டைக் காட்டி அடையாளம் சரிபார்த்த பிறகே அது இயங்கும். மாத ஒப்பந்தம்தான் வேண்டுமென்றால், 24 மாதத் திட்டங்களைக் கடையில் முன்னே வைத்தாலும், அதிகபட்சம் 12 மாதக் கால அளவுள்ள ஒரு திட்டத்தையாவது நிறுவனம் வழங்கியாக வேண்டும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். தொடக்கக் காலம் தானாக நீண்ட பிறகு, 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இணையத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வழி வைத்திருக்கும் நிறுவனங்கள் 2022 ஜூலை முதல் தங்கள் தளத்தில் ரத்துப் பொத்தானும் வைத்திருக்க வேண்டும். அதை அழுத்தியதும் நாளும் நேரமும் குறித்து வரும் உறுதிப்படுத்தலை அழிக்காமல் வைத்திருங்கள்.