உயரம் ஒத்துக்கொள்ளாத தாயாருடன் பொலிவியா: கொன்செப்சியோன் ஏற்ற ஊரா?

கேள்வி: பணியின் பொருட்டு சாவ் பாவ்லோவில் வசிக்கிறேன். 66 வயதான என் தாயார் சென்னையிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கவிருக்கிறார். அவருக்கு லேசான மூச்சிரைப்பு உண்டு. பொலிவியாவைக் காட்ட ஆசை. மலை உயரம்தான் அச்சம். கொன்செப்சியோன் என்ற சிற்றூருக்குப் போகலாம் என்கிறார்கள். அழைத்துச் செல்லலாமா, எந்த மாதத்தில்?

பதில்: உயரத்தைப் பொறுத்தவரை தயங்க வேண்டியதில்லை. லா பாஸ் நகரம் சுமார் 3,600 மீட்டர் உயரத்திலும் அதன் விமான நிலையம் 4,000 மீட்டருக்கு மேலும் இருக்க, கிழக்குத் தாழ்நிலத்தின் தலைமையிடமான சாந்தா குரூஸ் ஏறத்தாழ 400 மீட்டரிலும் கொன்செப்சியோன் 500 மீட்டரிலும்தான் உள்ளன. சாவ் பாவ்லோவிலிருந்து நேராகச் சாந்தா குரூஸில் இறங்கும் விமானத்தையே தேர்ந்தெடுங்கள். விலை குறைவு என்பதற்காக லா பாஸ் வழியாகச் செல்லும் சீட்டை வாங்கிவிடாதீர்கள். சாந்தா குரூஸிலிருந்து சான் ஹவியர் என்னும் ஊர் வழியாகக் கொன்செப்சியோனுக்குச் சாலைப் பயணம் ஐந்தாறு மணி நேரமாகும். முதியவருடன் செல்வதால் பேருந்தைவிட வாடகைக் கார் நல்லது, சான் ஹவியரில் இறங்கி இளைப்பாறலாம்.

நான் கவலைப்படுவது உயரத்தைப் பற்றியல்ல, புகையைப் பற்றி. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அப்பகுதியில் மேய்ச்சலுக்கும் பயிருக்கும் நிலத்தைத் திருத்த வைக்கும் தீ காட்டுக்குள் பரவுகிறது. 2019-லும் 2024-லும் அது பேரழிவாகவே முடிந்தது. ஊர் பெருமையுடன் நடத்தும் ஆர்க்கிட் மலர் விழா அக்டோபரில்தான் வருகிறது என்றாலும், மூச்சிரைப்பு உள்ளவரை அப்போது அழைத்துச் செல்ல நான் உடன்படமாட்டேன். நவம்பர் முதல் மார்ச் வரை மழை. எனவே மே, ஜூன், ஜூலை மாதங்களே உகந்தவை. அந்நாட்களில் தெற்கிலிருந்து ‘சுராசோ’ என்னும் குளிர்காற்று திடீரென வீசும் என்பதால் கம்பளிச் சால்வை கைவசம் இருக்கட்டும்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசில், பொலிவியா இரண்டிலிருந்தும் இந்தியா திரும்புவோருக்கு அதன் சான்று கட்டாயம். ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பின்னரே சான்று செல்லுபடியாகும், சான்று இல்லாதவரை 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இதைப் போடுகிறார்கள். ஆனால் 60 வயதைக் கடந்தவர்களுக்கு இத்தடுப்பூசியால் கடும் பக்கவிளைவு நேரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அவருடைய மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் தகுதியான ஊர்தானா என்றால், ஆம் என்று உறுதியாகச் சொல்வேன். 1709-இல் இயேசு சபையினர் நிறுவிய இவ்வூரின் கோயிலை, 1753 முதல் 1756 வரை சுவிட்சர்லாந்துப் பாதிரியார் மார்ட்டின் ஷ்மிட் அப்பகுதிப் பழங்குடியினரான சிகிட்டானோ மக்களுடன் சேர்ந்து எழுப்பினார். முழு மரங்களைத் திருகுவடிவில் செதுக்கிய தூண்களே கூரையைத் தாங்குகின்றன. மண்சுவர்களின் மேல் அந்தப் பாரம் இறங்குவதில்லை. ஷ்மிட் இசைக் கலைஞரும்கூட. வயலினும் ஆர்கனும் செய்யவும் வாசிக்கவும் கற்பித்தார். 1767-இல் சபையினர் வெளியேற்றப்பட்ட பின்னும் மக்கள் அந்த இசையைக் கைவிடவில்லை. 1972-இல் கோயில்களைப் புதுப்பிக்க வந்த ஹான்ஸ் ரோத்தின் காலத்தில் வெளிப்பட்ட 5,000-க்கும் மேற்பட்ட இசைத்தாள்கள் இப்போது கொன்செப்சியோன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1990-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த சிகிட்டோஸ் என்னும் இப்பகுதியின் ஆறு இயேசு சபை ஊர்களில் இதுவும் ஒன்று. 1996 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை இவ்வூர்களில் நடைபெறும் பரோக் (17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய பாணி) இசை விழா ஏப்ரலை ஒட்டி அமைகிறது. விழா ஆண்டாயின், மே மாதத்துக்குக் காத்திராமல் அப்போதே செல்வது நன்று, அறையை மட்டும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள். நண்பகல் வெயிலில் கடைகள் அடைத்திருக்கும். காலையிலும் மாலையிலும் சதுக்கத்தைச் சுற்றி மெதுவாக நடப்பது தாயாருக்கு எளிது. உணவைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுடும் ‘குன்யாபே’, மசித்த மரவள்ளிக்கிழங்கில் செய்யும் ‘சோன்சோ’ ஆகியவை எங்கும் கிடைக்கும். அவர் சைவமென்றால், முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.