பனி உருகினால் கடல் எவ்வளவு ஏறும்? ஏன் ஆளுக்கொரு கணக்கு?

கேள்வி: டம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் தண்ணீர் வழிவதில்லையே, கடல் மட்டும் எப்படி ஏறும்? 2100-க்குள் அரை மீட்டர் என்கிறார் ஒருவர், 2 மீட்டர் என்கிறார் இன்னொருவர். சென்னையில் மனை வாங்குகிறவர் எதை நம்புவது?

டம்ளர் கணக்கு மிதக்கும் பனிக்குத்தான் பொருந்தும். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பெரும்பகுதி தரைமேல் உட்கார்ந்திருக்கும் பனி. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு கண்ணாடி டம்ளர், பாதி தண்ணீர். ஒன்றில் மூன்று ஐஸ் கட்டியை மிதக்கவிட்டு மட்டத்தை மார்க்கரால் குறியுங்கள். மற்றதில் முதலில் கோடு போட்டுவிட்டு, டம்ளரின் வாய்மேல் டீ வடிகட்டியை வைத்து அதன்மேல் மூன்று கட்டி. உருகி முடிந்ததும் முதல் டம்ளரில் கோடும் தண்ணீரும் ஒன்றாகவே நிற்கும். இரண்டாவதில் தண்ணீர் கோட்டைத் தாண்டியிருக்கும். விளிம்புவரை நிரப்பிச் செய்யாதீர்கள்; தண்ணீர் விளிம்புக்கு மேலும் கொஞ்சம் குவிந்து நிற்கும், ஏறியது தெரியாது. போதாக்குறைக்குச் சென்னைப் புழுக்கத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கும். அதைப் பார்த்து வழிந்துவிட்டது என்பவர்களும் உண்டு.

இனி அளவு. உலகக் கடலை 1 மி.மீ. உயர்த்தச் சுமார் 360 கன கி.மீ. தண்ணீர் வேண்டும். 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணையை 136 தடவை நிரப்பிக் கொட்டுவதற்குச் சமம். கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக இழப்பது சுமார் 27,000 கோடி டன், அதாவது ஏறக்குறைய 100 மேட்டூர். அண்டார்டிகா அதில் பாதி. மலைப் பனியாறுகளும் உருகுகின்றன. சூடான கடல்நீர் தானே விரிந்தும் இடம் பிடிக்கிறது. எல்லாம் சேர்ந்து 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ.

இதில் பெரிய சர்ச்சை இல்லை. 2050 வரையும் அப்படித்தான்: பூமியைச் சூடாக்கும் புகையைக் குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் 1995–2014 சராசரியைவிட 15 முதல் 30 செ.மீ.க்குள் ஏறும் என்கிறது 2021-இல் வந்த ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) அறிக்கை. பிறகுதான் கணக்கு பிரிகிறது. 2100-க்கு, புகையை வெகுவாகக் குறைத்தால் 28–55 செ.மீ.; கண்டபடி விட்டால் 63–101 செ.மீ. இந்த இடைவெளியில் பாதிக்கு மேல் நாம் என்ன செய்வோம் என்பதில் இருக்கிறது. விஞ்ஞானிக்குத் தெரியாதது வேறொன்று: மேற்கு அண்டார்டிகாவின் துவைட்ஸ் போன்ற பனியாறுகள். அவற்றின் அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே, உள்ளே போகப்போக இன்னும் ஆழம். வெதுவெதுப்பான நீர் அடியில் புகுந்து விளிம்பு பின்வாங்கினால், அடுத்து வருவது இன்னும் தடித்த பனி. அது இன்னும் வேகமாகக் கடலுக்குள் வழியும். எவ்வளவு வேகம் என்பதில்தான் இழுபறி. அதனால் 2 மீட்டரை அவர்களால் தள்ளிவிட முடியவில்லை. கவனியுங்கள், இந்த நிச்சயமின்மை ஒருபக்கம் சாய்ந்தது. கீழ் எல்லைக்குக் கீழே போக வாய்ப்பு குறைவு. மேல் எல்லைதான் திறந்து கிடக்கிறது.

சென்னைக்கு வருவோம். திருவொற்றியூர் கரை அரிப்பைப் பனி தலையில் கட்டாதீர்கள். அங்கே முதல் காரணம், வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. மெரினா அகன்றதும் அதனால்தான். கடல் ஏறுவது முதலில் தெரியப்போவது மழைநீர் வடிகாலின் வாயில். நம் கரையில் கடல் மட்டம் ஆண்டிலேயே உச்சத்தில் இருப்பது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். அமாவாசை, பௌர்ணமிக் கடல் ஏற்றமும் சேர்ந்தால் அடையாறு, கூவம் முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்க வாட்டமே இருக்காது. அங்கே 20 செ.மீ. பெரிய விஷயம்.

மனை பார்க்கும்போது கடலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் பயனில்லை. சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் தரை எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். "ரோடு லெவலுக்கு மேல் 3 அடி" என்பது பதிலே அல்ல, ரோடு ஒவ்வொரு தடவை போடும்போதும் உயரும். இலவச செயற்கைக்கோள் உயர வரைபடங்களும் நகரத்தில் ஏமாற்றும்: ரேடார் பல இடங்களில் மொட்டைமாடியையும் மர உச்சியையும் தரையென்று எடுத்துக்கொள்வதால் மீட்டர் கணக்கில் கூடுதலாகக் காட்டும். சர்வேயரை வைத்து, அரசு பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் குறித்து வைத்த அடையாளப் புள்ளி) ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியால் மட்டம் எடுத்து வரச் சொல்லுங்கள். அப்படியே தெரு வடிகால் கொட்டும் இடத்தின் அடிமட்டத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். அது கடல் ஏறி நிற்கும் மட்டத்துக்குக் கீழே இருந்தால், மழை நாளில் அந்த வடிகால் உங்கள் பக்கம்தான் ஓடும்.