பரிஸில் மெற்றோ பாதி, நடை பாதி

தம்பி, பரிஸின் வடபகுதியில் லாச்சப்பல் பக்கம் அறை கிடைத்திருக்கிறது, மெற்றோ வரைபடத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, பாஸ் எடுப்பதா நடந்தே சமாளிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். பாஸ் எடுங்கள். ஆனால் முதல் சில கிழமை நன்றாக நடந்து திரியுங்கள்.

பரிஸ் பெயரளவில்தான் பெரிய நகரம். வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லைக்குப் பத்துக் கிலோமீற்றர் கூட வராது. மெற்றோ ஸ்ரேசன்களும் நெருக்கம் நெருக்கமாக இருக்கின்றன, பல இடங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏழெட்டு நிமிட நடைதான். மெற்றோவிலேயே திரிந்தால் எந்த இடம் எதற்குப் பக்கத்தில் என்பது பிடிபடவே பிடிபடாது.

நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். நம்முடைய தமிழ்க் கடைகள் இருக்கும் ஃபுபூர் சென் தெனி வீதியில் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். கார் து நோர் றெயில் நிலையம் தாண்டும், பிறகு கார் து லெஸ்ற் நிலையத்தின் பக்கம், அப்புறம் பதினான்காம் லூயி காலத்துப் பெரிய கல் வளைவு வரும். அதைக் கடந்தும் அதே திசையில் போனால் நகர நடுவிலுள்ள சத்லே, அதற்கப்பால் செய்ன் ஆறு. போகும்போது வீட்டு இலக்கங்களைக் கவனியுங்கள், குறைந்துகொண்டே வரும். ஆற்றை நோக்கிப் போகும் வீதிகளில் ஆற்றுப் பக்கத்திலிருந்துதான் இலக்கம் தொடங்கும். ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றால் ஒற்றை இடப்பக்கம், இரட்டை வலப்பக்கம். இது தெரிந்துவிட்டால் கைபேசியில் சார்ஜ் இறங்கினாலும் திசை தவறாது. நகரத்தின் இருபது வட்டாரங்களும் நடுவிலிருந்து நத்தை ஓடுபோல் சுற்றி வருகின்றன. முகவரியில் 75018 என்று கண்டால் பதினெட்டாம் வட்டாரம்.

நீங்கள் நடந்த இந்த வழியைத்தான் கிட்டத்தட்ட நாலாம் லைன் கீழே ஓடிக் கடக்கிறது. லாச்சப்பல் ஸ்ரேசனிலிருந்து நிலத்தடி வழியாகவே கார் து நோருக்குப் போய் அதைப் பிடிக்கலாம். ஏறுமுன் அந்த லைன் முடியும் ஸ்ரேசனின் பெயரைப் பாருங்கள், திசைப் பலகைகளில் இருப்பது அதுதான். எத்தனை ஸ்ரேசன் என்று எண்ணாதீர்கள், எத்தனை முறை மாற வேண்டும் என்று எண்ணுங்கள். சத்லேயில் ஐந்து மெற்றோ லைன்கள் சந்திக்கின்றன, பக்கத்திலேயே புறநகருக்கு ஓடும் எர்-உ-எர் றெயிலின் மூன்று லைன்கள். அங்கே மாற நடக்கும் தூரத்துக்கு மேலே வெளிச்சத்தில் நடந்தால் ஒரு ஸ்ரேசன் தூரம் போய்விடலாம். பெட்டி, பிள்ளை வண்டி என்றால் இன்னும் யோசியுங்கள். பழைய லைன்களில் பெரும்பாலும் படிகள்தான். முழுக்க லிஃப்ற் உள்ள மெற்றோ லைன் 14 மட்டுமே.

இறங்கியதும் கூட்டத்தோடு மேலே ஏறிவிடாதீர்கள். பெரிய ஸ்ரேசன்களில் வெளிவாசல்களுக்கு இலக்கம் உண்டு, சுவரில் அப்பகுதி வரைபடமும் இருக்கும். பிழையான வாசலால் ஏறினால் அகன்ற பூல்வாரின் மறுகரையில் நிற்பீர்கள். நேர்முகத்துக்குப் போகும் நாளில் அந்தப் பத்து நிமிடம் பெரிது.

காசு விஷயம். 2025 ஜனவரியில் மெற்றோ, றெயில் ரிக்கெற்றை ஒரே விலையாக்கி 2.50 யூரோ வைத்தார்கள், அதற்குப் பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது. விமான நிலையத்துக்கு அது செல்லாது. பஸ்ஸுக்கு வேறு ரிக்கெற். நவிகோ என்ற பயண அட்டையில் கிழமைப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான், மாதப் பாஸ் முதலாம் திகதியிலிருந்து. ஆகவே மாதம் பாதி போன பிறகு அந்த மாதத்துக்கான பாஸ் எடுத்து நட்டப்படாதீர்கள். பதிவோடு வேலை கிடைத்ததும் பாஸ் காசில் பாதியை முதலாளி தர வேண்டும், அது சட்டம். கூச்சப்படாமல் கேளுங்கள், சம்பளத் துண்டில் அது தனியாகத் தெரியும். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது மனவருத்தம்.

கதவோரம் நின்று கைபேசி பார்க்காதீர்கள், கதவு மூடும் நேரத்தில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

உணவகத்தில் இரவு வேலை என்றால் கடைசி மெற்றோவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் ஒன்றேகால் மணிவாக்கில் முடியும், வெள்ளி சனி இரவுகளில் ஒரு மணித்தியாலம் கூட. அதற்குப் பிறகு நொக்திலியன் இரவு பஸ் இருக்கிறது, கார் து லெஸ்ற்றிலிருந்து பல திசைக்கும் போகும். அங்கிருந்து உங்கள் அறைக்கு நடையே போதும்.