வண்டி கேள்வி-பதில்: எரிந்த ஆட்டோ கியருக்குப் பதில் எது?

கேள்வி: என்னிடம் இருப்பது 2007 ஹைலக்ஸ் 3.0 ஆட்டோ. டியூனிங் பாக்ஸ், 33 அங்குல டயர், இரும்பு பம்பர், வின்ச் எல்லாம் போட்டிருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் செம்பனைக் குலை டிரெய்லர் இழுக்கிறது. லிந்தாங் பக்கம் மேடு ஏறும்போது மூன்றாவது கியர் நழுவியது. பிறகு ரிவர்ஸும் நழுவியது. போமன் கழற்றிப் பார்த்து, கிளட்ச் கரியாகிவிட்டது என்கிறார். இதைவிட வலுவான ஆட்டோ கியர்பாக்ஸ் எது? ஒருவர் ஏ750 என்கிறார், இன்னொருவர் அமெரிக்க 4எல்80இ என்கிறார்.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஏ750 தான். ஆனால் பழையது ஏன் எரிந்தது என்று பார்க்காமல் மாற்றினால் அதுவும் எரியும்.

உங்கள் வண்டியில் வந்தது ஏ340எஃப், நான்கு கியர். அது நோஞ்சான் கியர்பாக்ஸ் அல்ல. இதே குடும்பம்தான் டொயோட்டா சுப்ரா டர்போவிலும் ஜீப் செரோக்கியிலும் ஓடியது. மூன்றாவதும் ரிவர்ஸும் சேர்ந்து நழுவினால் இரண்டுக்கும் பொதுவான டைரக்ட் கிளட்ச் போய்விட்டது என்று பொருள். அதைக் கொன்றவை பெரும்பாலும் இரண்டு: சூடு, குறைந்த ஆயில் பிரஷர்.

பிரஷர் எப்படிக் குறைந்தது? உங்கள் டியூனிங் பாக்ஸ், எரிபொருள் ரெயில் பிரஷரைக் குறைத்துச் சொல்லும் வகையாக இருந்தால், எஞ்சின் கம்ப்யூட்டர் ஏமாந்து கூடுதல் டீசலை அனுப்பும். முறுக்குவிசை ஏறியது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்தக் கணக்கை நம்பி கியர்பாக்ஸ் பிரஷரை வைக்கும் வண்டியில் கிளட்ச் தகடுகளை அழுத்தும் பிரஷர் பழைய அளவிலேயே நிற்கும். சுமை ஏறி, பிடி ஏறவில்லை என்றால் நழுவத்தான் செய்யும். எந்தக் கியர்பாக்ஸ் போட்டாலும் இந்த டியூனிங் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரையே முறையாக டியூன் செய்யுங்கள்.

இனி ஏ750எஃப். இதில் ஐந்து கியர். பிராடோ, 4ரன்னர் போன்றவற்றில் வந்த அய்சின் தயாரிப்பு. முதல் கியர் விகிதம் ஏ340-இல் 2.804, இதில் 3.520. அதாவது முதல் கியரில் 25 விழுக்காடு கூடுதல் இழுவை. உங்கள் பழைய டயர் 265/70ஆர்16 என்றால் அதன் விட்டம் 30.6 அங்குலம். 33-க்குப் போனதில் சுமார் 7 விழுக்காடு இழுவையை இழந்திருக்கிறீர்கள். முதல் கியரில் அந்த இழப்பைத் தாண்டியே கிடைத்துவிடும். டிஃபரன்ஷியல் பல்லை மாற்றுவது பிறகு யோசிக்க வேண்டிய செலவு. மாற்றினால் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். ஐந்தாவது கியர் 0.716. பெரிய டயரும் டிரெய்லரும் இருக்கும்போது அதைத் தொடாதீர்கள். 1.000 உள்ள நான்காவதில் நிறுத்திக்கொண்டால் போதும்.

ஹாஃப்கட் (பாதியாக வெட்டி வரும் பழைய வண்டி) கடையில் கியர்பாக்ஸை மட்டும் தூக்கி வராதீர்கள். கியர்பாக்ஸ், கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது), டிரான்ஸ்ஃபர் கேஸ், மவுண்ட், ஷாஃப்ட், எஞ்சின் கம்ப்யூட்டர், ஒயரிங் எல்லாம் ஒரே டீசல் வண்டியிலிருந்து வர வேண்டும். பெட்ரோல் பிராடோவின் பெட்டி மலிவாகக் கிடைக்கும். பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் முன்கூடு), கன்வெர்ட்டர், ஷிஃப்ட் கணக்கு மூன்றும் வேறு. மலிவு அங்கேயே முடிந்துவிடும். கடையிலேயே ஆயில் பேனைக் கழற்றச் சொல்லுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு இருப்பது வழக்கம். கையில் நெருடும் உலோகத் துணுக்கு, கருகிய வாடை, கறுத்த ஆயில் இருந்தால் வேண்டாம். காசு குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். பழைய கன்வெர்ட்டரை மீண்டும் போடக் கூடாது. அதற்குள் சிக்கிய கரியை எந்த ஃபிளஷும் முழுதாக எடுக்காது. பழைய கூலருக்கும் இதே பேச்சு.

மாட்டும்போது நடக்கும் மிகப் பெரிய தவறு கன்வெர்ட்டரைச் சரியாக உட்கார வைக்காதது. முதலில் அதற்குள் ஒரு லிட்டர் ஏடிஎஃப் (ஆட்டோ கியர் ஆயில்) ஊற்றுங்கள். ஷாஃப்ட்டில் வைத்துச் சுழற்றித் தள்ளும்போது படிப்படியாக "டக்" என்று இறங்கும். கடைசியில் பம்ப்பின் பல்லில் விழ வேண்டும். பெல் ஹவுசிங் விளிம்பில் நேர்கோல் வைத்து, கன்வெர்ட்டர் போல்ட் முகம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். இடைவெளி இல்லாமல் போல்ட்டை வைத்து இழுத்து மூடினால், முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும். "புது கியர்பாக்ஸ், வந்த அன்றே செத்தது" என்ற புலம்பல்களில் பல இப்படி வந்தவை.

சூட்டுக்கு: ரேடியேட்டருக்கு முன்னால் அடுக்குத் தகடு வகை கூலர் ஒன்று, காற்று நேரே படும்படி. உங்கள் ரேடியேட்டர் பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் அதற்குள் இருக்கும் ஆயில் குழாயை ஒதுக்கிவிடுவது என் பரிந்துரை. உள்ளே ஓட்டை விழுந்தால் கூலண்டும் ஏடிஎஃப்பும் கலந்து சிராப் பண்டோங் நிறத்தில் வரும். அப்படி ஒருமுறை வந்தால் கிளட்ச் தகட்டின் பசை கழன்றுவிடும். குளிர்நாட்டில் ஆயிலைச் சூடாக்க அந்தக் குழாய் தேவை; நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒதுக்கினால் வெளிக் கூலர் பெரிதாக இருக்க வேண்டும், கூடவே ஒரு மின்விசிறியும் வேண்டும். தோட்டத்துச் சேற்றில் ஊர்ந்து போகும்போது காற்று எங்கிருந்து வரும்?

ஆயில் சூட்டுக்கு ஒரு மீட்டர் கட்டாயம். பேனில் 80 முதல் 95 பாகை நல்லது. 110 வந்தால் காலைத் தளர்த்துங்கள். 120 வந்தால் நிறுத்தி, நியூட்ரலில் 1,200 ஆர்பிஎம் அளவில் ஓடவிடுங்கள். எஞ்சினை அணைத்தால் பம்ப்பும் நிற்கும், ஆயில் ஓடாது. செங்குத்தான மண் ஏற்றத்தில் லோ ரேஞ்ச் (டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான, இழுவை கூடிய நிலை) போடுங்கள். ஹை ரேஞ்சில் கன்வெர்ட்டர் நழுவி நழுவியே கொதிக்கும்.

4எல்80இ பற்றி: 1991 மாடலில் வந்த ஜிஎம் பெட்டி, பழைய டிஎச்400-இன் வாரிசு. இரும்பு மாதிரி. ஆனால் முதல் கியர் வெறும் 2.48, உங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். எடை நூறு கிலோவுக்கு மேல். அடாப்டர், தனி கண்ட்ரோலர், நான்கு சக்கர இணைப்பு எல்லாம் தனியாகச் செய்ய வேண்டும். ஒரு சீல் போனாலும் சுங்கை சிப்புட்டில் கிடைக்காது. பெரிய பெட்ரோல் வி8 வைத்தவர் அதை யோசிக்கட்டும்.

மாற்றும் முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு கேட்பது வீண் அலைச்சல்.

கேள்வி: ஏ750-இல் டிப்ஸ்டிக்கே இல்லையே, ஆயில் அளவு எப்படிப் பார்ப்பது? பழைய டெக்ஸ்ரான் 3 ஆயில் மிச்சம் இருக்கிறது, ஊற்றலாமா?
– இன்னொரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஊற்றாதீர்கள். ஏ750 டொயோட்டா டபிள்யூஎஸ் ஆயில் கேட்கும் கியர்பாக்ஸ், டபிள்யூஎஸ் மெல்லியது. மிச்சம் இருப்பதை அந்த ஆயில் கேட்கும் வேறு வண்டிக்கு வையுங்கள்.

அளவு பார்க்க, வண்டியைச் சமதளத்தில் தூக்கி, எஞ்சின் ஓடும்போது எல்லாக் கியரையும் ஒரு சுற்றுப் போட்டு பார்க்கில் விடுங்கள். ஆயில் மேனுவல் சொல்லும் சூட்டில் இருக்கும்போது செக் பிளக்கைத் திறக்க வேண்டும். மெல்லிய நூலாகச் சொட்டினால் சரி. ஒன்றும் வராவிட்டால் சொட்டும்வரை ஊற்றுங்கள். கொதிக்கும் ஆயிலில் பார்த்தால் அது விரிந்து வழியும், நிறைய இருப்பதாக ஏமாந்து குறைவாக விட்டுவிடுவீர்கள். ஒருமுறை டிரெயின் செய்தால் பாதிக்கும் குறைவாகத்தான் வரும், மீதி கன்வெர்ட்டரில் நிற்கும். அதனால் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை மாற்றுங்கள். வெளியே வந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, கடைசியில் மேலே சொன்னபடி சரிபாருங்கள்.