கணையப் புற்றுநோயில் சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்: கேள்வி-பதில்

உடம்பு சூடானால்தான் இந்தப் புரதங்கள் உருவாகுமா?

இல்லை. 1962-ல் இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா பழ ஈக்களைச் சூடாக்கிப் பார்த்த ஆய்விலிருந்து வந்த பெயர் இது. ஆக்சிஜன் குறைந்தாலும், நச்சு மருந்து தாக்கினாலும் செல் இவற்றைக் கூடுதலாகத் தயாரிக்கும். மனிதர்களிடம் சிறிய வகை மட்டும் 10 உண்டு. கண் வில்லையைத் தெளிவாக வைத்திருக்கும் ஆல்பா கிரிஸ்டலினும் இந்தக் குடும்பம்தான். மடிப்புக் கலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் பிடித்து வைப்பதே இவற்றின் வேலை. அதற்கு செல்லின் எரிபொருளான ஏடிபி செலவில்லை.

நல்ல புரதம் புற்றுநோய்க்கு ஏன் துணைபோகிறது?

காப்பாற்றுவது எந்தச் செல்லை என்று அதற்குத் தெரியாதே! கணையக் கட்டியைச் சுற்றி நார்த்திசு இறுகிக் கிடக்கும். ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் குறைவு. அந்த நெருக்கடியில், இந்தச் சிறிய புரதங்களில் ஒன்றான எச்.எஸ்.பி.27 மிகுகிறது. சாக வேண்டிய செல்லில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் கசியும்; எச்.எஸ்.பி.27 அதைப் பற்றிக்கொண்டு, செல்லைச் சாகடிக்க அடுத்து நடக்க வேண்டிய காஸ்பேஸ் நொதிகளின் சங்கிலியைத் தடுத்துவிடுகிறது. ஜெம்சிட்டபைன் என்ற கீமோ மருந்துக்கு மசியாத கணையப் புற்றுச் செல்களில் எச்.எஸ்.பி.27 கூடுதலாக இருப்பதும், அதைக் குறைத்தால் மருந்து மீண்டும் வேலை செய்வதும் ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது.

அளவை மட்டும் பார்த்தால் போதாது. எம்.கே.2 என்ற நொதி எச்.எஸ்.பி.27-ன் 15, 78, 82-ஆம் இடங்களிலுள்ள செரின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஒட்டினால், பல எச்.எஸ்.பி.27 சேர்ந்த பெரிய கூட்டங்கள் சிறு துண்டுகளாகப் பிரிந்து நடத்தையே மாறிவிடும். பல கட்டுரைகள் இதைக் கண்டுகொள்ளாமல் ‘கூடியது, குறைந்தது’ என்று முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் அதைத் தடுத்துவிடலாமே?

முயன்றார்கள். எச்.எஸ்.பி.27 உற்பத்தியை ஆர்.என்.ஏ. நிலையிலேயே மறிக்கும் அபடோர்சென் மருந்தை, பரவிய கணையப் புற்றுநோயாளிகளுக்கு ஜெம்சிட்டபைன், நாப்-பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். ரெய்னியர் எனப்பட்ட அந்த இரண்டாம் கட்டச் சோதனையில் 132 பேர். ஆயுள் கூடவில்லை. ஒரு காவலைத் தட்டினால் எச்.எஸ்.பி.70 போன்ற பெரிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன என்பது என் ஊகம்.

வெந்நீரில் குளித்தால் கட்டி வளருமா?

அதற்கு ஆதாரம் இல்லை. தாராளமாகக் குளியுங்கள்.

அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். ரத்தத்தில் எச்.எஸ்.பி.27 பார்க்கலாமா?

வேண்டாம். வேறு நோய்களிலும் அது ஏறும். முடிவை வைத்து மருத்துவர் சிகிச்சையை மாற்றவும் மாட்டார். சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க சிஏ 19-9 என்ற ரத்தச் சோதனை உண்டு, பித்தநாள அடைப்பிலும் அது கூடும் என்றாலும். சிதைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் பிஆர்சிஏ மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் உள்ளதா என்ற சோதனையைக் கேளுங்கள். இருந்தால் பிளாட்டினம் மருந்துகளுக்கும், பிறகு ஓலாபரிப் மாத்திரைக்கும் வழி திறக்கும். உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அது தெரிய வேண்டிய விஷயம்.