“சிலுவையைச் சுமப்பது” என்றால் என்ன? நம்பினால் ஏன் எதிர்ப்பு வருகிறது?

இயேசு சொன்னபடி வாழ்வதால் வரும் இழப்பையும் எதிர்ப்பையும் தெரிந்தே ஏற்றுக்கொள்வது, அவ்வளவுதான். சிலுவையைச் சுமக்கச் சொல்லும் லூக்கா நற்செய்தி 9:23-இல் “தினமும்” என்ற சொல்லும் இருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

எதிர்ப்பு வரக் காரணம் என்ன? பின்னேரம் ஐந்து மணிக்குக் கொழும்பு புறக்கோட்டையில் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடும்போது நீங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்து பாருங்கள். தோளில் இடிக்கும், கைவண்டிக்காரர் சத்தம் போடுவார், அவர்களுக்கு உங்கள்மேல் பகை ஒன்றுமில்லை, நீங்கள் போகும் திசைதான் வேறு. கடையில் பொய் பில் எழுத மாட்டேன் என்று பேனையைக் கீழே வைக்கிற பிள்ளைக்கு முதலாளியின் முகம் மாறுவதும் இப்படித்தான்.

சரி, சிலசமயம் உண்மையான பகையும் வரும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் பூசை காணப் போனவர்கள்மேல் குண்டு வெடித்தது. அதே கோவிலில் இன்றும் சனங்கள் மெழுகுதிரி ஏற்றி முழங்காலில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அப்புறம், கஷ்டம் வந்தால் விசுவாசம் குறைவு என்று சிலர் சொல்வது பிழை: இயேசுவின் திருத்தூதர் பவுல் ஐந்து தடவை சாட்டையடி வாங்கினார், மூன்று தடவை கப்பற்சேதத்தில் அகப்பட்டார், அவருக்கா விசுவாசம் குறைவு?